பெருந்தொற்றுக் காலத்தில் சிறுவர் மீதான வன்முறை கூடியதா, குறைந்ததா?

“எல்லோரும் வீட்டோடு இருந்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புத்தானே? பல நாடுகளில் முறைப்பாடுகளும் குறைந்தனவே?” என்று கேட்டிருக்கிறீர்கள். முறைப்பாடு குறைந்தது உண்மை. அடி குறைந்ததற்கு அது சாட்சி ஆகாது. 2020இல் பாடசாலைகள் மூடியதும் அமெரிக்காவில் சிறுவர் துன்புறுத்தல் பற்றிய தகவல்கள் சட்டென்று சரிந்தன. அங்கே இவற்றை அதிகம் அறிவிப்பவர்களில் ஆசிரியர்கள் முன்னணியில் இருப்பவர்கள். கண்டு சொல்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எண்ணிக்கை இறங்காமல் என்ன செய்யும்?

இலங்கையில் 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகளுக்குப் பூட்டு. ஒரு வாரத்தில் ஊரடங்கு. அடுத்த சில வாரங்களில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு வந்த முறைப்பாடுகளில், கொடுமைப்படுத்தல் சார்ந்தவற்றின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறியது.

நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். மேசன் வேலை, வயற்கூலி, வாவி மீன்பிடி என்று அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் வீடுகள். ஊரடங்கில் வேலை நின்றது. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபா எத்தனை நாளைக்கு? மதுக்கடை மூடியிருந்தாலும் கசிப்புக்குக் குறைவில்லை. தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்த பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அங்கிருந்து பணமும் வராது, தாயும் வர முடியாது. அம்மம்மா ஒருத்தியால் எத்தனை பேரைத் தடுக்க முடியும்?

ஆனால், எல்லாவற்றையும் வறுமையின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாதச் சம்பளம் ஒழுங்காக வந்த வீடுகளிலும் பிரம்பு ஓயவில்லை. அங்கே காரணம் தரம் 5 புலமைப்பரிசில். ஆகஸ்டில் நடக்க வேண்டிய பரீட்சை ஒக்டோபர் 11 வரை தள்ளிப்போனது பிள்ளைகளுக்கு இன்னொரு தண்டனை.

அப்போது வாசிப்புப் பாடத்தைக் குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரு மாணவி அனுப்பியதில் நாலாவது வரியில் தடுமாறுகிறாள். “திரும்ப வாசி” என்று ஓர் ஆண்குரல். சுளீரென்று ஒரு சத்தம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதே வரியிலிருந்து தொடர்கிறாள். நான் கேட்டு முடிப்பதற்குள் பதிவு நீக்கப்பட்டது. சற்று நேரத்தில், தடுமாற்றமே இல்லாத இன்னொரு பதிவு வந்தது. மறுநாள் தாயை அழைத்துக் கேட்டேன். “படிக்காவிட்டால் தகப்பன் அடிக்கத்தானே வேண்டும், டீச்சர்?” என்றார். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடுக்க 2016இல் சுற்றறிக்கை வந்தது. வீட்டுக்குள் அதை யார் கொண்டுபோவது?

சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற உதவி இலக்கம் நாள் முழுவதும் இயங்குகிறது. ஆனால், வீட்டில் இருக்கும் ஒரே தொலைபேசி அடிப்பவரின் சட்டைப் பையில் இருந்தால் பிள்ளை எதில் அழைக்கும்? சாதாரண நாளில் வகுப்பில் தழும்பைக் காணும் ஆசிரியர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பக்கத்து வீட்டு மாமி எல்லோருக்கும் அந்தப் படலை ஒரே நாளில் மூடிவிட்டது.

இது கொரோனாவுடன் தொடங்கியதும் அல்ல. 2014இல் பரவிய எபோலாவால் சியரா லியோனில் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடின. சிறுமிகள் பலர் கர்ப்பமாயினர். மீண்டும் திறந்தபோது அவர்களையே வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்தத் தடை நீங்கியது 2020 மார்ச்சில், நாங்கள் பாடசாலைகளைப் பூட்டிய அதே மாதம்.

அயலில் அப்படிச் சத்தம் கேட்டால் 1929க்கு நீங்களே அழைக்கலாம். உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வீட்டு அடையாளத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு இலக்கம் கிடையாது; கோயில், சந்தி, கிணறு என்று ஏதாவது ஒன்றை வைத்துத்தான் தேடி வருவார்கள்.