கையெழுத்துக்கு முன் தேதியைக் கேளுங்கள்

கேள்வி: இருபது மெஷினோடு தையல் ஜாப் ஒர்க் செய்கிறேன். துணி தரும் எக்ஸ்போர்ட் கம்பெனி, வெளிநாட்டு பையரின் விதிமுறை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறது. எட்டு மணி நேர ஷிப்ட், ஞாயிறு லீவு எல்லாம் அதில் இருக்கிறது. பீஸ் ரேட் மட்டும் பழையதுதான். போடலாமா?
- வாசகி, பெருமாநல்லூர்

பதில்: உடனே போடாதீர்கள், அம்மா. திருப்பூரில் 22 வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது எக்ஸ்போர்ட் கம்பெனிக்காகப் பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவனாக இருந்தவன் நான். அந்தத் தாளில் இருப்பது எல்லாம் நியாயம்தான். ஆனால் அதை எழுதுவது பையரின் ஒரு டிபார்ட்மெண்ட், விலையும் தேதியும் பேசுவது இன்னொரு டிபார்ட்மெண்ட்.

ஒருமுறை பையர் தர வேண்டிய கலர் அப்ரூவல் பத்து நாள் தாமதமாக வந்தது. ஷிப்மெண்ட் தேதி நகரவில்லை. அந்தப் பத்து நாளையும் தையலில்தான் பிடித்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜாப் ஒர்க்காரருக்கு போன் போட்டு, "எப்படியாவது முடிச்சுக் குடுங்கண்ணா" என்று கேட்டது நான்தான். அந்த வாரம் அங்கே பெண்கள் ஒன்றரை ஷிப்டையும் தாண்டித் தைத்தார்கள். அடுத்த மாதம், விதிமுறைப்படி வேலை நடக்கிறதா என்று பார்க்க அதே பையர் அனுப்பிய ஆடிட்டர் வந்து, அதிக நேரம் வேலை வாங்கியதாக அந்த அண்ணன் பெயரில் குறை எழுதிவிட்டுப் போனார். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

இன்னொரு பையர் ஒன்பது வருடம் எங்களோடு இருந்தார். அடுத்த சீசனுக்கு எத்தனை பீஸ் என்று நாலு மாதம் முன்பே சொல்லிவிடுவார். அந்த லைனில் ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியதே இல்லை.

வங்கதேசத்தில் 2013 ஏப்ரலில், தையல் கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே இருந்த கம்பெனிகளில் சில, ஆடிட் முடித்தவை. அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் போட்ட ஒப்பந்தத்தில், பாதுகாப்புச் செலவுக்குக் கட்டுப்படியாகும்படி விலை பேச வேண்டும், வியாபாரம் தாங்கும் வரை முதல் இரண்டு வருடம் ஆர்டரைக் குறைக்கக் கூடாது என்றும் எழுதினார்கள்.

நீங்களும் அதுபோல, விதிமுறையோடு தேதியையும் ரேட்டையும் சேர்த்து எழுதக் கேளுங்கள். கட்டிங் பீஸ் உங்கள் கைக்கு வந்த பிறகு எத்தனை நாள்? அது லேட்டானால் டெலிவரியும் அத்தனை நாள் தள்ள வேண்டும். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி, அதையும் சேர்த்து ரேட் போட வேண்டும். "பார்த்துக்கலாம்" என்பார்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், ஜாப் ஒர்க் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். பல வருடமாக வேலை தரும் கம்பெனி என்றால் தைரியமாகக் கேளுங்கள்; உங்களை விட்டால் அவர்களும் புதிதாக ஒரு யூனிட்டைத் தேடிப் பழக்க வேண்டும்.