இழைப்புளியை நீங்களே செய்யலாம். தகட்டை மட்டும் சோதித்து வாங்குங்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற பின் தச்சு வேலை பழகுகிறேன். சொந்தமாக ஓர் இழைப்புளி செய்ய ஆசை. எந்த மரம் வாங்கலாம்? தேக்குதான் சிறந்தது என்கிறார் கடைக்காரர். (காரைக்குடி)

பதில்: தேக்கு கதவுக்கும் ஜன்னலுக்கும் நல்ல மரம். இழைப்புளியின் அடிப்பாகம் ஓயாமல் மரத்தோடு உரசுவது. தேக்கு அதற்குச் சற்று மென்மை. அதன் எண்ணெய்ப் பசையால் ஒட்டுவதும் சிரமம். கருவேலம் கேளுங்கள், அல்லது புளிய மரத்தின் வைரம், அதாவது இறுகிய நடுக்கட்டை கேளுங்கள். மரத்தைச் சீவும் இரும்புத் தகடு இரண்டு அங்குல அகலம் என்றால், மூன்றேகால் அங்குல அகலமும் ஓர் அடி நீளமும் உள்ள கட்டை போதும். பெரிய கடைகளில் அறுத்து மிஞ்சிய துண்டுகளிலேயே இது கிடைக்கும். முழுப் பலகைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: "நன்றாக உலர்ந்த மரம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். செய்து முடித்த மூன்றாம் வாரம் கட்டை வெடித்துவிட்டது. ரசீது இல்லை, ஜிபேயில் பணம் அனுப்பினேன். (நாகர்கோவில்)

பதில்: உங்கள் உழைப்பு வீணானதுதான் எனக்கு அதிக வருத்தம். மரத்தின் விலையைக் கேட்டு வாங்கலாம். அந்த மூன்று வாரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. கட்டைத் துண்டையும், பணம் அனுப்பிய பதிவையும், வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். விலையைத் திருப்பித் தருமாறு கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

இனி வாங்கும்போது, காற்றில் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் தராசில் நிறுத்துக் கட்டையிலேயே எடையை எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் ஈரம் இன்னும் இருக்கிறது, உளியைத் தொடாதீர்கள். இடித்த வீட்டு நிலையும் உத்தரமும் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. அறுக்குமுன் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் இழைப்புளி செய்யும் பொருள்தொகுப்பு வாங்கினேன். தகடே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள். (சேலம்)

பதில்: நீங்கள் இணைத்திருக்கும் படத்திலேயே "தகடு தனி" என்று தமிழில் எழுதியிருக்கிறது. வாங்குமுன் அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும். இதில் புகாருக்கு இடமில்லை.

கேள்வி: "உயர் கார்பன் எஃகு" என்று அச்சிட்ட தகடு வாங்கினேன். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்கவில்லை. எனக்குத் தீட்டத் தெரியவில்லை என்கிறார் விற்றவர். (கோவை)

பதில்: குறை பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. கூர் நிற்காத தகட்டை விற்றுவிட்டு, வாங்கியவரின் கைமேல் பழிபோடும் இந்த வழக்கத்தை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

கார்பன் இருப்பதால் மட்டும் தகடு கடினமாகிவிடாது. ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் செக்கச்சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பிறகு 200 டிகிரி அளவில் மறுபடி சூடாக்கிப் பதம் பார்க்க வேண்டும். செலவு அங்கேதான். அதைத் தவிர்த்துத் தகட்டை வெட்டி, மெருகேற்றி, எழுத்தை மட்டும் பொறித்துவிடுகிறார்கள். நானும் அப்படி ஒரு ஜோடி வாங்கினேன். எண்ணெய்த் தாளில் சுற்றி, கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு வேப்பம் பலகையை இழைத்து முடிப்பதற்குள் கூர் பின்பக்கம் மடங்கி, நகத்தை ஓட்டினால் இடறியது. "மரம் கடினம்" என்றார் விற்றவர்.

சோதனை எளிது. நல்ல அரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். தகட்டின் பக்கவாட்டில், கூருக்கு அருகே மெல்ல ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறியிருக்கிறது. கடித்துப் பொடி உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மேல்முனையில் சோதிக்காதீர்கள், சுத்தியல் படும் அந்தப் பக்கத்தை மென்மையாகவே விடுவதுண்டு. அரம் போட விடாத கடையில் தகடு வாங்க வேண்டாம். கனத்தையும் பாருங்கள்: மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு அதிராமல் வெட்டும்.

மின்சாணையில் தீட்டும்போது விளிம்பு நீலம் பூத்ததா? பூத்திருந்தால் பதம் அங்கேயே போய்விட்டது. அதற்கு விற்றவர் பொறுப்பல்ல. பூக்கவில்லை என்றால் விடாதீர்கள். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அரம் கடிப்பதை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: கட்டைக்கு நடுவே துளை குடைய விலை உயர்ந்த உளிகள் தேவையா? (திருச்சி)

பதில்: தேவையில்லை. ஜேம்ஸ் கிரெனோவ் என்ற மரவேலைக் கலைஞர் பரப்பிய முறையில் குடையும் வேலையே கிடையாது. கட்டையின் இரு பக்கங்களையும் பலகைபோல் அறுத்தெடுங்கள். நடுத்துண்டைக் குறுக்கே வெட்டி, பின்பாதியில் தகடு சாய 45 டிகிரி சரிவும், முன்பாதியில் சீவல் வெளியேற எதிர்ச்சரிவும் கொடுங்கள். ஆப்பு இறுக ஒரு குறுக்குத் தண்டை வைத்து, நான்கையும் பழையபடி சேர்த்து ஒட்டுங்கள். கடினமான மரங்களை இழைப்பதென்றால் சரிவு 50 டிகிரி இருக்கட்டும். அடியில் கூர் எட்டிப்பார்க்கும் இடுக்குக்கு வாய் என்று பெயர். ஒட்டும்போது அதை மூடினாற்போலவே விடுங்கள். தகட்டை ஆப்போடு இறுக்கி, அடிப்பாகத்தைச் சமமாக்கிய பிறகு, அரத்தால் முடியளவு முடியளவாகத் திறக்க வேண்டும். கூர் தலைகாட்டி, மெல்லிய சீவல் தடையின்றி ஏறினால் நிறுத்துங்கள். வாய் அகன்றுவிட்டால் மரம் பிய்யும். பிறகு ஒட்டுப்போட்டுத்தான் சரிசெய்ய முடியும். ரம்பம், பசை, இறுக்கிகள் வீட்டில் இருந்தால் வேறெதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் உளுத்துப்போன இழைப்புளி ஒன்று கிடக்கிறது. வாங்கலாமா? (மதுரை)

பதில்: தகட்டுக்காக வாங்குங்கள். தகட்டைக் கூராக்கிய சரிவில் தேய்த்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியலாம்: தேனிரும்பின்மேல் எஃகை ஒட்டிய பழைய வேலை அது. கூர் பக்கம் இன்னும் ஓர் அங்குலம் எஃகு மிச்சமிருந்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செய்த இழைப்புளிக்கு வார்னிஷ் அடிக்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம், கையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசித் துடையுங்கள். அடிப்பாகத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.