கேமராவைக் கழற்றி மார்பில் கட்டுங்கள்

கேள்வி: ஆறாயிரம் ரூபாய்க்கு ஓர் ஆக்‌ஷன் கேமரா வாங்கினேன். பெட்டியில் 4கே, ஆன்டி-ஷேக் என்றெல்லாம் போட்டிருந்தது. அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வார நாட்களில் அலுவலகம் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தகிரிப் பக்கம் மண் தடங்களில் எம்.டி.பி. (மலைப் பாதை சைக்கிள்) ஓட்டுகிறேன். தார் ரோட்டில் எடுத்தது பரவாயில்லை. மலையில் எடுத்ததைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, படமே ஜெல்லி மாதிரி நெளிகிறது. காற்றுச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. இதை ஓரமாக வைத்துவிட்டு விலை கூடியதாக ஒன்று வாங்கிவிடவா? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேமராவிடம் குறை இல்லாமல் இல்லை, அதையும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அதை மாட்டிய இடத்தால் வந்த வினை. தார் ரோட்டில் பரவாயில்லை, மண் தடத்தில் மோசம் என்று நீங்களே சொல்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது.

அந்த ஜெல்லி எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். இந்த வகைக் கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வரும். விலை குறைந்த சென்சார்களில் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் ஹேண்டில்பார் இரண்டு தரம் அதிர்ந்துவிட்டால், நேராக நிற்கும் சில்வர் ஓக் மரம் படத்தில் பாம்பாக வளையும். இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். சரளைக் கல்லில் டயர் உருளும்போது வருவது பொடி அதிர்வு. அது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வழியாக நேராக ஹேண்டில்பாருக்கு ஏறிவிடும். முன்பக்க சஸ்பென்ஷன் பெரிய குழிகளைத்தான் விழுங்கும், இந்தப் பொடி அதிர்வில் ஒரு பங்கை மேலே விட்டுவிடும்.

அப்படியானால் ஆன்டி-ஷேக் எதற்கு? அது படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி ஒதுக்கிவைக்கிறது. கேமரா இடது பக்கம் சாய்ந்தால், ஒதுக்கிய அந்த இடத்துக்குள் படத்தை வலது பக்கம் நகர்த்திச் சரிக்கட்டுகிறது. மெதுவான ஆட்டத்துக்கு இது நன்றாகவே உதவும். ஆனால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஏற்கெனவே நெளிந்துபோன மரத்தை மலிவான கேமராவால் நிமிர்த்த முடியாது. இன்னொன்றும் உண்டு: பல மலிவு கேமராக்களில் 4கே போட்டால் ஆன்டி-ஷேக் தானாகவே அணைந்துவிடும். மெனுவுக்குள் போய்ப் பாருங்கள், அந்த வரி மங்கலாகக் கிடந்தால் இத்தனை நாளும் அது இல்லாமல்தான் எடுத்திருக்கிறீர்கள்.

4கே என்று போட்டிருப்பதையும் சோதித்துவிடுங்கள். உண்மையான 4கே படத்துக்கு 3840க்கு 2160, அதாவது 80 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள் வேண்டும். அவ்வளவு புள்ளி இல்லாத சென்சாரில் எடுத்த படத்தை உள்ளேயே இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று விற்பது இந்தச் சந்தையில் பழைய வித்தை. ஒரு தினசரித் தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று 1080-இலும் (ஃபுல் எச்.டி.) 4கே-யிலும் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். 4கே-யில் கூடுதலாக ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை என்றால் அந்த பட்டனை மறந்துவிடலாம்.

எப்படியிருந்தாலும் மலைப் பாதைக்கு நான் சொல்வது 1080, நொடிக்கு 60 ஃபிரேம், ஆன்டி-ஷேக் ஆன். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறீர்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 28 செ.மீ. தாண்டிவிடுவீர்கள். 60 வைத்தால் அது 14 செ.மீ. கண்ணுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சரி, எங்கே மாட்டுவது? மண் தடத்துக்கு மார்புதான். நம் உடம்பைவிட நல்ல ஷாக் அப்சார்பர் எந்தக் கடையிலும் கிடைக்காது. பெடலில் நின்று ஓட்டும்போது முழங்காலும் முழங்கையும் மடங்கி மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும், மார்புக்கு வருவது மெதுவான அசைவு மட்டுமே. அந்த மெதுவான அசைவைத்தான் உங்கள் கேமராவின் ஆன்டி-ஷேக்கால் சமாளிக்க முடியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மார்புப் பெல்ட் இதற்குப் போதும். படத்தில் கைகளும் ஹேண்டில்பாரும் தெரிவதால், பார்ப்பவருக்குத் தானே ஓட்டுவதுபோல் இருக்கும். வைட் லென்ஸ் எந்தச் சரிவையும் தட்டையாகத்தான் காட்டும். ஹேண்டில்பார் தெரிந்தால் இறக்கம் கொஞ்சமாவது இறக்கமாகத் தெரியும்.

கோணத்தில்தான் எல்லாரும் கோட்டைவிடுவார்கள். நான் முதல் தடவை மார்பில் கட்டிக்கொண்டு போனபோது ஒரு மணி நேரம் முன்சக்கரத்தை மட்டும் படம்பிடித்து வந்தேன். நின்றபடி கேமராவை நேராக வைத்தால், சைக்கிளில் குனிந்ததும் அது தரையைப் பார்க்கும். சுவரோரம் சைக்கிளில் ஏறி, இறக்கத்தில் குனிவதுபோலவே குனிந்துகொண்டு, வேறொருவரை ஸ்கிரீனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில்பார் படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும்வரை கேமராவை மேல்நோக்கித் திருப்புங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே திருப்ப வேண்டியிருக்கும். சில பெல்ட்டுகளில் கேமராவைத் தலைகீழாக மாட்டினால்தான் இவ்வளவு கோணம் கிடைக்கும். அப்போது மெனுவில் படத்தைப் புரட்டும் வசதியை ஆன் செய்துகொள்ளுங்கள். வளைந்த ஹேண்டில் உள்ள ரோடு பைக் ஓட்டுபவர்களுக்கு மார்பு சரிவராது. அவ்வளவு குனிந்தால் எந்தக் கோணத்தில் வைத்தாலும் ரோடுதான் தெரியும்.

பெல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும், மூச்சு முட்டக் கூடாது. முன்பக்கமாக விழும் பழக்கம் உள்ளவர் என்றால் ஒரு எச்சரிக்கை: நெஞ்செலும்புக்கு மேல் கெட்டியான பெட்டி ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்டவர் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நல்லது.

ஹெல்மெட்டில் மாட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். கழுத்தும் அதிர்வை நன்றாக வாங்கும், அதனால் படம் நிதானமாகவே வரும். ஆனால் நீங்கள் திரும்பும் பக்கமெல்லாம் படமும் திரும்பும். உச்சியில் கொம்பு மாதிரி நிற்கும் கேமரா தாழ்ந்த கிளையில் மாட்டினால் கழுத்து திருகும். காற்றுத் துளைகள் வழியே கட்டும் பட்டையில் மாட்டினால் இழுபடும்போது நழுவிவிட வாய்ப்பு உண்டு. எதற்காகவும் ஹெல்மெட்டில் துளை போடாதீர்கள். முழு முக ஹெல்மெட் இருந்தால் தாடைப் பகுதியில் ஒட்டுவது பார்க்க அருமையாக வரும். ஒட்டும் இடத்தைத் துடைத்து, ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டால்தான் அந்த டேப் பிடிக்கும்.

அலுவலகப் பயணத்துக்கு ஹேண்டில்பாரே இருக்கட்டும். பஞ்சர் கடையில் பழைய டியூப் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மவுன்ட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். நீளமான கை உள்ள மவுன்ட் கூடாது, ஒவ்வொரு மூட்டும் ஆட்டத்தைப் பெருக்கும். பிளாஸ்டிக் திருகைக் கையால் முடிந்தவரை இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஒரு கயிற்றைக் கேமராவிலும் கம்பியிலும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மவுன்ட் உடைந்தால் பின்னால் வரும் பஸ் உங்கள் ஆறாயிரத்துக்காகக் காத்திருக்காது.

விபத்து நடந்தால் சாட்சி வேண்டும் என்பதற்காகத்தான் எடுக்கிறீர்கள் என்றால் லூப் ரெக்கார்டிங் (கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது) போடுங்கள், மூன்று நிமிடத் துண்டுகள் போதும். தேதியையும் நேரத்தையும் அடிக்கடி சரிபாருங்கள், மலிவு கேமராக்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது பழையபடி ஆகிவிடுவது சகஜம். நம்பர் பிளேட் எல்லாம் தெளிவாக விழும் என்று நம்பிவிடாதீர்கள். வைட் லென்ஸில் சில மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் படிக்க முடியும், இரவில் அதுவும் சந்தேகம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், தெருவிளக்கில் எடுக்கும்போது படம் மினுங்கினால் மெனுவில் 50 ஹெர்ட்ஸ் அல்லது பால் (PAL) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் நீங்கள் அதிகாலையில்தான் ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். நிழலில் கேமரா ஷட்டரை மெதுவாக்கும், அந்த நேரத்துக்குள் நீங்கள் குலுங்கினால் படம் இழுபட்டுப்போகும். ஆன்டி-ஷேக் சட்டகத்தை நிறுத்திவைக்குமே தவிர, உள்ளே இழுபட்டதை ஒன்றும் செய்யாது. அதனால் மர நிழலில் ஐ.எஸ்.ஓ.வுக்கு, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவுக்கு, வரம்பு வைக்காதீர்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை, கலங்கலாக இருப்பதைவிட மேல். வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் தடத்தில் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துவைத்தால் வானம் வெளுத்துப்போகாது. நல்ல படம் வேண்டுமென்றால் எட்டு மணிக்கு மேல் இறங்குங்கள். இது ஒரு காசும் செலவில்லாத யோசனை.

சத்தத்துக்கு எளிய வழி: மழை இல்லாத நாளில் தண்ணீர் புகாத பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த சட்டத்தில் மாட்டுங்கள், மைக் துளை மேல் சிறு பஞ்சுத் துண்டை டேப்பால் ஒட்டுங்கள். பெட்டிக்குள் இருந்தால் பேச்சு கேட்காது, பெட்டியின் கடகடப்புதான் கேட்கும்.

மெமரி கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். யு3 அல்லது வி30 என்று அச்சிட்டது நொடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும், அது உங்கள் கேமராவுக்குத் தாராளம். உங்கள் கேமரா எத்தனை ஜி.பி. வரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். சந்தையில் போலிக் கார்டுகள் உண்டு, 128 என்று போட்டு உள்ளே 16 மட்டும் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பேட்டரி இன்னும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையையும் ஸ்கிரீனையும் அணைத்தால் இருப்பது கொஞ்சம் கூடுதலாக வரும், சூடும் குறையும். ஏற்றத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுங்கள். நாற்பது நிமிடம் மூச்சிரைப்பதை உங்கள் வீட்டில்கூட யாரும் பார்க்க மாட்டார்கள்.

இத்தனையும் செய்து, அதே தடத்தில் ஒரே இருநூறு மீட்டரை ஹேண்டில்பாரில் ஒரு முறையும் மார்பில் ஒரு முறையும் எடுத்துப் பாருங்கள். அதற்கும் திருப்தி இல்லை என்றால் அப்போது கேமராவை மாற்றலாம். மாற்றினாலும் இன்னொரு புதிய மலிவு கேமரா வேண்டாம், நல்ல கேமரா ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். கோப்ரோ ஹீரோ7 பிளாக் 2018-இல் வந்தது, ஹைப்பர்ஸ்மூத் என்ற அதன் ஆன்டி-ஷேக் இன்றைக்கும் மலிவு கேமராக்களின் ஆன்டி-ஷேக்கைவிட மேலானது. 2019-இல் வந்த டி.ஜே.ஐ. ஆஸ்மோ ஆக்‌ஷனும் அப்படித்தான். நேரில் போய், பேட்டரி உப்பியிருக்கிறதா, பக்கவாட்டுக் கதவு இறுக்கமாக மூடுகிறதா, லென்ஸ் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் தொடர்ந்து ரெக்கார்ட் செய்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மார்புப் பெல்ட் அதற்கும் பொருந்தும்.