‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’, ‘டுமாரோ ஈவ்னிங்’ என்று வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் பேசுவதை நிரலில் சரியான தேதியாக மாற்றுவது எப்படி?

ரெகெக்ஸில் (எழுத்துக்குள் குறிப்பிட்ட வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் குறிமுறை) ஆரம்பித்திருந்தால் அதை இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் பாய்லர் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்துக்கான வேலை அது. வாடிக்கையாளர்கள் போனில் பேசி விட்டுப்போகும் செய்தியை எழுத்தாக்கி, அதிலிருந்து தேதியையும் நேரத்தையும் எடுத்து முன்பதிவு போட வேண்டும். மூன்றாவது வாரத்தில், நான் எழுதிய ரெகெக்ஸ் எனக்கே புரியவில்லை.

பைத்தான் என்றால் டேட்பார்சர், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் க்ரோனோ, பிஎச்பியில் ஏற்கெனவே இருக்கும் ஸ்ட்ர்டூடைம். இப்படிப்பட்ட சொற்களைத் தேதியாக மாற்றித் தரும் தயார் நிரல்கள் (லைப்ரரிகள்) இவை; ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும், அந்தச் சொல் எப்போது, எந்த ஊர் நேரத்தில் சொல்லப்பட்டது என்பதை நீங்கள்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். டேட்பார்சரில் இதற்கு ‘ரிலேட்டிவ் பேஸ்’ என்றொரு செட்டிங் உண்டு. அதைக் காலியாக விட்டால் நிரல் ஓடும் நொடியையே ‘இன்று’ என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளி இரவு வந்த ‘டுமாரோ’ செய்தியைத் திங்கள் காலையில் ஓட்டினால், சனிக்கிழமை வரச் சொன்ன மெக்கானிக் செவ்வாய்க்கிழமை போய் நிற்பார்.

நாங்கள் செய்தி வந்த நேரத்தைக் கொடுத்தோம். ஆனால் சர்வரின் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில். கோடை முழுக்க ஒரு புகாரும் இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அப்புறம்தான் நள்ளிரவுச் செய்திகள் ஒவ்வொன்றாகத் தப்பாகத் தொடங்கின. காரணம் இதுதான்: ஞாயிறு பிறந்து இருபது நிமிடம் ஆன பிறகு ஒருவர் ‘டுமாரோ’ என்றால், தூங்கி எழுந்ததும் வரும் ஞாயிறைத்தான் சொல்கிறார். கோடையில் அப்போது யுடிசி சனி இரவு 11.20, ஆகவே ‘நாளை’ ஞாயிறு என்றே வந்தது. ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைத்துக்கொண்டிருந்தது! குளிர்காலத்தில் இரண்டு நேரமும் ஒன்றானதும் ‘நாளை’ திங்கள் ஆகிவிட்டது. இப்போது லண்டன் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அதிகாலை 4 மணிக்கு முன் பேசியதை முந்தைய நாள் கணக்கில் சேர்க்கிறோம்.

நெக்ஸ்ட் ஃப்ரைடே விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் ‘வர்ற வெள்ளி’, ‘அடுத்த வெள்ளி’ என்று இரண்டு இருந்தும் வீட்டில் சண்டை வருகிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். லைப்ரரிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. திங்கட்கிழமை கேட்டால் ஸ்ட்ர்டூடைம் நான்கு நாள் கழித்து வரும் வெள்ளியைத் தரும். க்ரோனோவின் இரண்டாம் பதிப்பு அதற்கும் அடுத்த வாரத்து வெள்ளியைத் தரும். இதை நிரலில் தீர்க்க முயலாதீர்கள். ‘வெள்ளி, ஜூன் 14, மாலை 7.30, சரியா?’ என்று கிழமையும் தேதியும் சேர்த்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். வெறும் தேதியை மட்டும் அனுப்பினால் பாதிப் பேர் பார்க்காமலே ஓகே சொல்லிவிடுவார்கள். கிழமை தப்பாக இருந்தால்தான் கண்ணில் உறுத்தும்.

மாதக் கணக்கும் இப்படித்தான். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் ஸ்ட்ர்டூடைம் மார்ச் 3 என்கிறது (லீப் ஆண்டில் மார்ச் 2). பைத்தானின் ரிலேட்டிவ்டெல்டா பிப்ரவரியின் கடைசி நாளிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பேச்சிலிருந்து வரும் எழுத்தில் வேறு வகைத் தொல்லைகளும் உண்டு. ‘டென் டு ஃபைவ்’ என்றால் 4.50. அதை எழுத்தாக்கும் மென்பொருள் ‘10 டு 5’ என்று எண்ணில் போட்டுவிட்டால், பத்திலிருந்து ஐந்து மணி வரை என்று ஆகிவிடும். ஆங்கிலேயர் ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை. ஜெர்மானியர் தம் மொழியில் அதையே சொன்னால் ஆறரை. ‘ஐ மே பி லேட்’ என்பதில் இருக்கும் ‘மே’யை மே மாதமாகவும், ‘ஐ சாட் வெயிட்டிங்’ என்பதில் உள்ள ‘சாட்’டைச் சனிக்கிழமையாகவும் எங்கள் நிரல் பிடித்திருக்கிறது. அதனால் முழுச் செய்தியையும் லைப்ரரியிடம் கொடுக்காமல், நேரம் சொல்லும் துண்டை மட்டும் முதலில் வெட்டி எடுங்கள். ‘ஹாஃப் செவன்’ போன்றவற்றை ஒரு சின்ன அட்டவணை வைத்து முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். எங்கள் அட்டவணையில் முப்பது வரிகூட இல்லை.

மூலச் செய்தியையும் அது வந்த நேரத்தையும் டேட்டாபேஸில் அப்படியே வைத்திருங்கள். விதியை மாற்றும்போதெல்லாம் பழைய செய்திகளை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அந்த நள்ளிரவு விஷயத்தை நாங்கள் கண்டுபிடித்ததும் அப்படித்தான். ‘ஃப்ரைடே வீக்’ என்று வரும் செய்திகள் மட்டும் இன்றுவரை ஆள் பார்த்துத்தான் பதிவாகின்றன. அதாவது, வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி.