இரவானால் அப்பா வேறு ஆளாகிவிடுகிறார்

(ரீஹாப் வார்டில் 29 ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பாவுக்கு வயது 78. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து, நடைப்பயிற்சிக்காக ரீஹாப் வார்டில் இருக்கிறார். நான்காம் நாளிலிருந்து இரவானால் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார், என்னையே யார் என்று கேட்கிறார். விடிந்தால் பேப்பர் படிக்கிறார். இது மனநோயா? தூங்க ஊசி போடச் சொல்லலாமா?
– ஒரு மகள்

பதில்: அப்பாவுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, அம்மா. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் இப்படி மாறுவதும், காலையில் தெளிந்து இரவில் கலங்குவதும் டெலிரியமாகத்தான் இருக்கும். பழைய ஆட்கள் 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்களே, ஏறக்குறைய அதுதான். காய்ச்சல் இல்லாமலும் வரும். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு, ஏர் உழவுசாலை விட்டு விலகுவது என்று பொருள். மாடும் இருக்கிறது, ஏரும் இருக்கிறது, தடம்தான் தவறியிருக்கிறது.

மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இது திடீரென்று வந்து இறங்கும். அதனால் 'எப்போதிலிருந்து இப்படி?' என்ற கேள்விக்கு உங்கள் பதில் ரொம்ப முக்கியம். அப்பாவை முதல்முறை பார்க்கும் நைட் டியூட்டி நர்ஸுக்கு, இவர் எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்றிவிடும். 'இது அவர் இயல்பே இல்லை, சனிக்கிழமை இரவிலிருந்துதான்' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லி டாக்டர் பார்ப்பார். இரண்டு மூன்று மாதம் சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டால் கவனம் நிற்கவில்லை என்று அர்த்தம். டெலிரியத்தின் முதல் அடையாளம் அது.

ஊசிக்கு வருகிறேன். எங்கள் வார்டில் ஒரு ஓய்வுபெற்ற டிரைவர் இருந்தார். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கி, "வண்டியை நிறுத்து, நான் இறங்கணும்" என்று கத்தினார். நான் மருந்தை ஊசியில் ஏற்றியே விட்டேன். கூட இருந்த சின்னப் பெண் ஒருத்தி, நர்ஸாகி ஆறு மாதம்கூட ஆகாதவள், அவர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. டியூப் வைத்ததும் 800 மில்லிக்கு மேல் சிறுநீர் வடிந்தது. அரை மணியில் மனிதர் தூங்கிவிட்டார். எதற்காக இறங்கணும் என்று கேட்டார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அதனால் ஊசியைக் கேட்கும் முன் இதையெல்லாம் கேளுங்கள். சிறுநீர் போனாரா, மலம் கழித்து எத்தனை நாள் ஆகிறது, தண்ணீர் போதுமான அளவு உள்ளே போகிறதா. ரத்தத்தில் சோடியமும் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன, ஆக்சிஜன் அளவு என்ன, நெஞ்சிலோ சிறுநீரிலோ கிருமி இருக்கிறதா. புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று கட்டாயம் கேளுங்கள். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில பழைய மாத்திரைகள், சிறுநீர் அவசரத்தை அடக்கும் மாத்திரை எல்லாமே வயதானவர் மூளையைக் கலக்கக்கூடியவை. வலி மருந்து விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. மார்ஃபின் வகை மருந்தும் குழப்பும், அடங்காத வலியும் குழப்பும். 'வலி மருந்தை நிறுத்துங்கள்' என்று குடும்பத்தார் சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கும். அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

லோராசிபாம், டயஸிபாம் போன்ற தூக்க மருந்துகள் இரவைச் சமாளித்துவிடும். மறுநாள் குழப்பம் கூடும், நடக்கும்போது விழுவதற்கும் வாய்ப்பு. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததால் குடி நின்று, இரண்டு மூன்று நாளில் நடுக்கத்தோடு உளறினால் இதே மருந்துகள்தான் உயிர் காக்கும். அப்பா குடிப்பவர் என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கொந்தளிப்பை அடக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள், தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலையில், மிகச் சிறிய அளவில், சில நாள் மட்டும். பார்க்கின்சன் நோய் இருந்தால் அதுவும் கூடாது. 'எதற்காக, எத்தனை நாளைக்கு?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது: கண்ணாடியும் காது மெஷினும் இன்றைக்கே அவரிடம் வந்து சேரட்டும். பூச்சி என்று அவர் சொல்வது பல நேரம் டிரிப்ஸ் ஸ்டாண்டின் நிழலாக இருக்கும். மங்கலான விளக்கின் இடத்தை மாற்றிப் பாருங்கள். "பூச்சியே இல்லப்பா" என்று வாதாடாதீர்கள். மூன்றாம் முறை சொல்லும்போது நீங்களும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள். "எனக்குத் தெரியல, ஆனா பயமா இருக்குல்ல? நான் பக்கத்துலயே இருக்கேன்" போதும். பகலில் படுக்க விடாமல் உட்கார வையுங்கள். பயிற்சியைத் தெளிவாக இருக்கும் காலை நேரத்துக்கு மாற்றி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லும்படி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளைப் பார்த்தார்கள். கண்ணாடி, காது, தண்ணீர், தூக்கம், நடை, பேச்சுத்துணை என்று இந்தச் சின்ன வேலைகளை ஒழுங்காகச் செய்த பிரிவில் டெலிரியம் வந்தவர்கள் 9.9 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம். டெலிரியம் வந்த பிறகும் இதே வேலைகள்தான். முழுக்கத் தெளியச் சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

கேள்வி: தாத்தா டியூபை இழுக்கிறார் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். பார்க்க மனசு தாங்கவில்லை.
– ஒரு பேரன்

பதில்: எனக்கும் தாங்காது, நானே கட்டியிருக்கிறேன் என்றாலும். கட்டினால் முரண்டு கூடும், காயம் ஆகும், டெலிரியமும் நீளும். 'அந்த டியூப் இன்னும் தேவையா?' என்று முதலில் கேளுங்கள். பாதி நேரம், யாரும் எடுக்க மறந்ததால்தான் அது இருக்கும். தேவை என்றால் டிரிப்ஸ் இடத்தின் மேல் துணி சுற்றி, சட்டைக் கைக்குள் மறைக்கலாம். கண்ணில் படாததைக் கை தேடாது. கட்டிலைத் தாழ்த்தச் சொல்லுங்கள். கைக்கு மடிக்க ஒரு துண்டு கொடுங்கள். இரவில் மாறி மாறி ஒருவர் உடன் இருக்க முடிந்தால், கயிறே வேண்டியிருக்காது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா ரீஹாப்பில் இருக்கிறார். தொந்தரவே இல்லை, எப்போதும் தூக்கம். இந்த வாரம் பயிற்சிக்கு 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அசதியாக இருக்குமோ?
– ஒரு மகன்

பதில்: கத்துகிறவரைவிட உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. டெலிரியத்தில் அமைதியான வகையும் உண்டு, அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். என் பழைய வார்டில் ஒரு பாட்டியை 'தங்கமான பேஷண்ட்' என்று மூன்று நாள் புகழ்ந்துகொண்டிருந்தேன். நான்காம் நாள்தான் நிமோனியா தெரிந்தது. அந்த மூன்று நாள் இன்னும் என் கணக்கில் இருக்கிறது. போன வாரம் பேசிய அளவுக்கு இந்த வாரம் பேசவில்லை என்றால், இன்றே டாக்டரை அழைத்து அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்ட தம்பி கோமாவிலிருந்து மீண்டார். இப்போது எல்லோரையும் அடிக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார்.
– ஒரு அக்கா

பதில்: மூளைக் காயத்திலிருந்து மீள்வதை எட்டுப் படிகளாகப் பிரிக்கும் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் நான்காம் படி, குழப்பமும் கொந்தளிப்பும். பலர் இதைத் தாண்டித்தான் வருகிறார்கள். ஆனால் தேறிக்கொண்டிருந்தவர் திடீரென மோசமானால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் அறையில் வேண்டாம், ஒருவர் மட்டும் பேசட்டும். எழுந்து நடக்கத் துடித்தால், ஆள் துணையோடு நடக்கவிட முடியுமா என்று கேளுங்கள். உங்களைத் திட்டியது பெரும்பாலும் அவருக்கு நினைவிருக்காது. நீங்களும் ஞாபகப்படுத்த வேண்டாம்.