மாதத் தவணையைப் பார்த்து பைக் வாங்காதீர்கள்

கேள்வி: பதினெட்டு மாதம் கழித்து, ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் பல நாடுகளை பைக்கில் சுற்றிவரப் போகிறேன். நம்பகமான பெரிய அட்வென்சர் பைக் வேண்டும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸை ஐந்து வருடக் கடனில் இப்போதே வாங்க நினைக்கிறேன். தவணை கட்டுப்படியாகும். ஆறு வருடத்தில் இது எனக்கு மூன்றாவது பைக். இப்போது இருப்பதை விற்றால் அதன் கடன் அடையும், கையில் எதுவும் மிஞ்சாது. சாமான் பெட்டிகள், கூடுதல் வாரண்டி எல்லாவற்றையும் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரிதானா?

பதில்: ஆறு வருடம் தவணை கட்டியும் விற்றால் எதுவும் மிஞ்சாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் பார்த்து வாங்குவது, கடன் தீருமுன் அடுத்த வண்டிக்குத் தாவுவது: இந்தப் பழக்கத்தோடு எல்லை தாண்டினால் பயணம் பாதியில் நின்றுவிடும்.

பெட்டிகள் உட்பட பைக்கின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். 20 கையிலிருந்து, 80 கடன். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால் தவணை மாதம் சுமார் 1.7. புறப்படும் நாளில் 30 கட்டியிருப்பீர்கள், ஆனால் இன்னும் 60 பாக்கி இருக்கும். விடுப்பு ஆண்டில் சம்பளம் வராது, தவணை மட்டும் நிற்காது. அந்த ஒரு வருடத்துக்கே 20 வேண்டும். ஊர் திரும்பும்போதும் 45 கடன் காத்திருக்கும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு, கடை விற்பனையாளர் அதைச் சொல்லமாட்டார். ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்குள் உங்கள் வண்டியைக் கொண்டுபோக 'கார்னெட்' என்ற சுங்க ஆவணம் வேண்டும். வண்டியை அங்கே விற்றுவிடாமல் திரும்ப எடுத்துப்போவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. ஒரு வருடம் செல்லும். மோட்டார் சங்கங்கள் இதைத் தரும்போது, வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்துப் பிணைத்தொகை கேட்கும். சில நாடுகளுக்கு வண்டியின் மதிப்பையே தாண்டும். ஒவ்வொரு எல்லையிலும் அந்த ஆவணத்தில் வைக்கும் சுங்க முத்திரைகள் எல்லாம் சரியாக இருந்தால் அது திரும்பக் கிடைக்கும், ஆனால் பயணம் முடியும்வரை முடங்கிக் கிடக்கும்.

பயணச் செலவுக்கென்று நீங்கள் 90 சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றைக்கு உங்கள் ஜிஎஸ்ஸின் மதிப்பு 70 என்றால், அவ்வளவும் பிணைக்குப் போகலாம். மீதி 20. அது தவணைக்குச் சரியாகிவிடும். பெட்ரோலுக்கு?

அப்புறம், பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் கடன் தீராத வண்டியை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக, கடன் கொடுத்தவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கிடைக்கும் என்று நம்பிக் கப்பலில் இடம் பதிவு செய்யாதீர்கள்.

நான் சொல்வது இது. இப்போது எதுவும் வாங்கவேண்டாம். பழைய பைக்கை விற்றுக் கடனை அடையுங்கள். தவணைக்கு ஒதுக்கிய அதே 1.7-ஐ மாதாமாதம் வங்கியில் போடுங்கள். 18 மாதத்தில் 30 சேரும். கையிலிருக்கும் 20-ஐயும் சேர்த்தால் 50. நன்றாகப் பராமரித்த, ஏற்கனவே ஓடிய நடுத்தர பைக் 45-க்குக் கிடைத்தால், முழுத் தொகை கொடுத்து வாங்கி, மீதி 5-ல் டயர், செயின், பேட்டரி மாற்றலாம். பிணை 45 கேட்டாலும் பயணச் சேமிப்பு 90-ல் 45 மிஞ்சும், தவணையும் கிடையாது.

பெரிய பைக்தான் நம்பகம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ, ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் சுமார் 226, யமஹா டெனெரே 700 ஏறக்குறைய 205. சுமை ஏற்றிய வண்டி மணலில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கவேண்டியவர் நீங்கள். ஜிஎஸ்ஸில் செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டுக்கு (இரும்புத் தண்டுக்கு) செயின் போல அடிக்கடி பராமரிப்பு வேண்டாம், உண்மைதான். ஆனால் வழியில் கெட்டால் சின்னப் பட்டறையில் சரிசெய்வது கடினம். செயின் தேய்ந்தால் நீங்களே மாற்றலாம். பழைய சுசுகி வி-ஸ்ட்ராம் 650-ஐயும் பாருங்கள். கவர்ச்சியில்லாத வண்டி, ஆனால் அந்த எஞ்சினைப் பல வருடமாகப் பலர் உலகமெங்கும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

கூடுதல் வாரண்டி வேண்டாம். அதிகாரப்பூர்வ சர்வீஸ் இல்லாத நாட்டில் அது வெறும் காகிதம், அதற்கும் ஐந்து வருடம் வட்டி கட்டுவீர்கள்.

இந்த வாரமே இரண்டு வேலை: பழைய கடனை முன்கூட்டியே முடிக்க எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். போகப்போகும் நாடுகளின் பட்டியலோடு மோட்டார் சங்கத்தை அணுகி, பிணை எவ்வளவு, வங்கி உத்தரவாதத்தை ஏற்பார்களா என்று விசாரியுங்கள். அந்தத் தொகை தெரிந்த பிறகு எந்த பைக் என்று முடிவு செய்யலாம்.