கம்ப்யூட்டரில் மேலே இருக்கும் விண்டோவை, பின்னால் இருப்பது தெரியும்படி கண்ணாடி போல ஆக்கினால் வேலைக்கு உதவுமா, வெறும் அழகுக்குத்தானா?

உதவும். ஒரே ஒரு சின்ன மானிட்டரில் விண்டோக்கள் ஒன்றையொன்று மறைக்க, நீங்கள் அல்லாடுவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். எழுத்துக்கு மேல் எழுத்து தெரிந்தால் இரண்டையும் படிக்க முடியாது. அதற்கு இது ஆகாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்குத்தான் இது கை கொடுக்கும்.

நான் சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடுகிறவன். டிசைனைக் கட்டம் கட்டமாக நிரப்பும் தாள்தான் கிராஃப். அதில் குறுக்கே ஒரு கட்டம் என்பது ஜக்கார்டில், அதாவது தறியில் டிசைனை விழவைக்கும் கருவியில், ஒரு கொக்கி. ஒரு வரிசை என்பது அதில் மாட்டும் துளை போட்ட ஒரு அட்டை. அப்பா கண்ணாடி மேஜைக்கு அடியில் பல்பை எரியவிட்டு, பழைய டிசைனின் மேல் கிராஃப் தாளை வைத்து நகலெடுப்பார். கம்ப்யூட்டருக்கு மாறியதும் எனக்கு அந்த பல்பு இல்லை. போட்டோ ஒரு விண்டோ, கிராஃப் ஒரு விண்டோ, ஆல்ட் டேப் தட்டித் தட்டி மனதில் எண்ணிக்கொண்டே வரைந்தேன். ஒரு மாங்காய் புட்டாவில் (சேலையில் திரும்பத் திரும்ப வரும் சின்ன உருவம்), நுனி வளைகிற இடத்தில் ஒரு வரிசை விட்டுப்போய்விட்டது. அட்டை குத்தி, தறியில் ஏற்றி, நாலு புட்டா விழுந்த பிறகு தறிக்காரர் கூப்பிட்டார்: "அண்ணா, மாங்காய்க்கு மூக்கு ஒடிஞ்சிருக்குதுங்க. வந்து பாருங்க."

அட்டைச் செலவு என் கையை விட்டுப் போனது. அப்புறம்தான் ஆட்டோஹாட்கீ பிடித்தேன். ஒரு விசையைத் தட்டினால் நாம் எழுதிவைத்த வேலையைச் செய்யும் சின்ன மென்பொருள் அது. விண்டோஸ் 2000-இலிருந்தே உள்ளே இருக்கிற, விண்டோவைக் கண்ணாடி ஆக்கும் வசதியை அது ஒரு வரியில் எடுத்துத் தருகிறது. அளவு 0 முதல் 255 வரை. 0 என்றால் விண்டோ கண்ணுக்கே தெரியாது, 255 என்றால் முழுசாக மறைக்கும். போட்டோவை எப்போதும் மேலே இருக்கும்படி வைத்து 110 கொடுக்கிறேன். க்ளிக் அதைத் தாண்டிக் கீழே கிராஃபில் விழும்படி செய்துவிட்டால், அப்பாவின் மேஜை திரும்ப வந்த மாதிரிதான். ஆனால் அந்த போட்டோவை மவுஸால் பிடிக்க முடியாது. பழைய நிலைக்குக் கொண்டுவர கீபோர்டில் எஃப்9 விசையை ஒதுக்கி வையுங்கள்.

லேயர், அதாவது ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கும் வசதி, இருக்கிற மென்பொருள் வாங்கலாமே என்பீர்கள். நான் வைத்திருக்கும் கிராஃப் மென்பொருளில் லேயர் இல்லை. இரண்டாவது மானிட்டர் வாங்கினாலும் கண் அங்கும் இங்கும் போய் வரத்தான் வேண்டும், கட்டம் தவறுவது அங்கேதான். விண்டோஸ் விஸ்டாவில் விண்டோக்களுக்கு வந்த கண்ணாடி ஓரத்தை வைத்து இதை எடை போடாதீர்கள். அது பின்னால் இருப்பதை மங்கலாக்கியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதல் சேலை தறியிலிருந்து இறங்கும் முன்பே டிசைன் வாட்ஸ்அப்பில் வேறு தறிக்குப் போய்விடுகிறது. ராத்திரி இரண்டு மணி வரை கட்டம் நிரப்பியவனுக்கு அதில் பத்து பைசா வராது. இது எனக்கு ஆறாத கோபம்.

சரி, கடைசியாக ஒன்று. கிராஃபை ஸ்க்ரோல் செய்தால் மேலே இருக்கும் போட்டோ கூடவே நகராது. ஒரு புட்டா முடியும் வரை மவுஸ் சக்கரத்தில் விரல் வைக்காதீர்கள்.